ஒப்பமும் ஓரக்குறிப்பும்: அமெரிக்கக் குடிமை உரிமைப் போராளிகளின் ஆவணச் சேகரிப்பு குறித்த ஒரு திறனாய்வு

2006ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் நாள் நியூயார்க் நகரில் சாதபீஸ் நிறுவனம் ஓர் ஏலத்தை நடத்தவிருந்தது. மார்ட்டின் லூதர் கிங்கின் கையெழுத்துப் படிகள், சொற்பொழிவுக் குறிப்புகள், கடிதங்கள், கல்லூரிக்காலத் தேர்வேடு, அவர் கோடிட்டும் குறிப்பெழுதியும் படித்த நூல்கள் என ஏறத்தாழ 10,000 உருப்படிகள் அவ்வேலத்திற்கு வைக்கப்பட்டிருந்தன. தொகுதி முழுவதும் ஒரே உருப்படியாக விற்கப்படும் என்று அறிவிக்கப்பட்டிருந்தாலும், வாங்குபவர் யார், வாங்கிய பின் ஆய்வாளரை உள்ளே விடுவாரா என்பன அறிய இயலாதவையாக இருந்தன. ஏலத்திற்கு ஒரு வாரம் முன்னர், அட்லாண்டா மேயராக இருந்த ஷெர்லி பிராங்க்ளின் முன்னின்று திரட்டிய குழுவினர் 3 கோடியே 20 இலட்சம் டாலருக்கு அதனை வாங்கினர். கிங் பயின்ற மோர்ஹவுஸ் கல்லூரியை அத்தொகுதி அடைந்தது. ஆயினும் தாள்கள் கைமாறினவேயன்றி அவற்றில் எழுதப்பட்ட சொற்களின் பதிப்புரிமை கைமாறவில்லை. அது கிங்கின் வாரிசுகளிடமே நின்றது.

ஓர் இயக்கத்தின் ஆவணங்கள் அவ்வியக்கத்தின் தலைவர்தம் ஒப்பத்தால் விலை பெறும்போது அவற்றின் பொருளுக்கு என்ன நேர்கிறது என்னும் வினாவை இந்நிகழ்ச்சி எழுப்புகிறது. புகழ்பெற்ற போராளிகள் கையொப்பமிட்ட ஆவணங்களைத் தேடிச் சேர்ப்பது இன்று உலகளாவிய வணிகமாகவும் பலருக்கு ஆர்வமிக்க பொழுதுபோக்காகவும் வளர்ந்துள்ளது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்ட ஆவணங்களை முன்வைத்து, ஒப்பத்தை மையமாகக் கொண்ட சேகரிப்பு எவற்றைக் காக்கிறது, எவற்றைக் காணாமல் விடுகிறது என்பதை மூலபாட ஆய்வு நோக்கில் காண்பது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

ஒப்பச் சேகரிப்புக்கென்று தனித்த தர வரிசை உண்டு. முழுவதும் தம் கைப்பட எழுதி ஒப்பமிட்ட கடிதம் முதலிடம் பெறும். தட்டச்சுச் செய்து கையொப்பம் மட்டும் இட்ட கடிதம் அடுத்தது. நூலில் இட்ட ஒப்பமும் ஒளிப்படத்தில் இட்ட ஒப்பமும் அதனினும் கீழ். ஒப்பம் மட்டும் உள்ள தாள்துண்டு கடைநிலை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கடிதத்தின் அடியில் உள்ள ஒப்பத்தை மட்டும் கத்தரித்து எடுத்து ஒட்டேட்டில் ஒட்டிவைக்கும் வழக்கம் மேலைநாடுகளில் பரவலாக இருந்தது. அவ்வாறு வெட்டப்பட்ட ஒப்பங்கள் இன்றும் விற்பனைக்கு வருகின்றன. கடிதம் குப்பைக்குப் போய்ப் பெயர் மட்டும் எஞ்சிய நிலை அது. கத்தரிக்கோல் இன்று கையாளப்படுவதில்லை என்றாலும், பெயரைத் தனியே எடுத்துக்கொள்ளும் மனப்பான்மை மறைந்துவிட்டது என்று கூறுவதற்கில்லை.

இத்தர வரிசையின் அடிப்படை, ஒப்பம் ஒருவருடைய உடலின் தடம் என்னும் நம்பிக்கையே. கிங்கைப் பொறுத்தவரை அந்நம்பிக்கையே நிலைகுலைகிறது. 1955 முதல் 1960 வரை மாட் பல்லூவும், அதன்பின் 1968 வரை டோரா மெக்டொனால்டும் அவருடைய செயலாளர்களாக இருந்தனர். பயணத்திலும் சிறையிலும் மேடையிலுமாகக் கழிந்த வாழ்க்கையில் நாள்தோறும் குவிந்த கடிதங்களுக்குக் கிங் ஒருவரே ஒப்பமிட்டிருக்க இயலாது. அவர் சார்பில் செயலாளர் இட்ட ஒப்பங்கள் ஏராளம். வணிகர்க்கு இது போலியைப் பிரித்தறியும் சிக்கலாக மட்டுமே தோன்றுகிறது. செயலாளர் ஒப்பம் என்று தெரிந்தவுடன் விலை சரிந்துவிடும். ஆய்வாளர்க்கோ அது ஓர் இயக்க அலுவலகம் எவ்வாறு இயங்கிற்று என்பதற்கான சான்று. ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் கிளேபோர்ன் கார்சன் தலைமையில் 1985இல் தொடங்கப்பெற்ற கிங் ஆவணப் பதிப்புத் திட்டம் இவ்வேறுபாட்டைக் கருத்திற்கொண்டு, ஆவணத்தில் ஆசிரியரே ஒப்பமிட்டாரா, முதலெழுத்து மட்டும் இட்டாரா, அவர் பெயரைப் பிறர் எழுதினரா என்பவற்றைக் குறியீடுகளால் பதிவு செய்கிறது. ஏட்டின் இறுதியில் எழுதியவர் பெயரும் இயற்றியவர் பெயரும் வேறுவேறாக வரக் கண்டு பழகிய தமிழ்ச் சுவடியியல் மாணவர்க்கு இந்நுட்பம் புதிதன்று. சந்தைக்குத்தான் அது புதிது.

ஒப்பம் யாருடையது என்னும் வினாவினும் முதன்மையானது, ஒப்பமிடுதல் அக்காலத்தில் எத்தகைய செயலாக இருந்தது என்னும் வினா. இதனை விளக்கச் சந்தை அறியாத ஒரு தாளை எடுத்துக்கொள்ளலாம். 1962ஆம் ஆண்டு ஆகஸ்டு 31ஆம் நாள் மிசிசிப்பி மாநிலத்தின் ரூல்வில் பகுதியிலிருந்து பதினெட்டுப் பேர் பேருந்தில் இண்டியனோலா நகர நீதிமன்றத்திற்கு வாக்காளராகப் பதிவு செய்துகொள்ளச் சென்றனர். அவர்களுள் ஒருவர் பேனி லூ ஹேமர். ஒரு பருத்தித் தோட்டத்தில் பதினெட்டு ஆண்டுகள் உழைத்தவர். அன்று அவருக்குத் தரப்பட்ட விண்ணப்பம் பெயரையும் வயதையும் மட்டும் கேட்கவில்லை; யாரிடம் வேலை செய்கிறீர் என்றும் கேட்டது. அவ்வினாவின் உட்கிடை எளிது. விடையெழுதி ஒப்பமிட்டவரின் முதலாளி அன்று மாலைக்குள் செய்தியறிவார். மாநில அரசியலமைப்பின் ஒரு பிரிவுக்கு விளக்கம் எழுதவேண்டிய தேர்வில் ஹேமர் அன்று தேர்ச்சியடையவில்லை. ஆயினும் வீடு திரும்பியபோது தோட்ட உரிமையாளர் விண்ணப்பத்தைத் திரும்பப் பெறுமாறு கூறினார். அவர் மறுத்தார்; அன்றிரவே தோட்டத்தை விட்டு வெளியேறும் நிலை ஏற்பட்டது. 1963 ஜனவரியில் அவர் தேர்ச்சி பெற்றார். 1964 ஆகஸ்டு 22ஆம் நாள் அட்லாண்டிக் சிட்டியில் ஜனநாயகக் கட்சி மாநாட்டின் சான்றாய்வுக் குழு முன்னர் அவர் அளித்த வாக்குமூலத்தால் இச்செய்திகள் நாடறிந்தன.

விண்ணப்பித்தவர் பெயரை உள்ளூர்ச் செய்தித்தாளில் இரண்டு வாரம் வெளியிட வேண்டும் என்று மிசிசிப்பி மாநிலம் 1962இல் சட்டமும் இயற்றியது. பெயரைத் தெரிவித்துவிடுவதே தண்டனையின் முதற்படியாக அமைந்த சட்டம் அது. இச்சூழலில் விண்ணப்பத்தாளில் இடப்பட்ட ஒப்பம் வீட்டையும் கூலியையும் பணயம் வைத்த ஒப்பம். புகழ்பெற்ற பின்னர் ஹேமர் ஒரு நூலிலோ நிழற்படத்திலோ இட்டுத்தந்த ஒப்பத்திற்கு விலை உண்டு. அவருடன் அப்பேருந்தில் சென்ற ஏனையோர் அச்சத்தோடு இட்ட ஒப்பங்களுக்கு விலை இல்லை. ஒரே போராட்டத்தின் இருவகை ஒப்பங்களுக்கிடையே உள்ள இத்தலைகீழ் மதிப்பீடு சேகரிப்புலகின் அடிப்படைக் குறை எனலாம்.

பெயரைத் தருவதில் உள்ள இடர் தனியாளோடு நிற்கவில்லை. கறுப்பின முன்னேற்றத்திற்கான தேசியச் சங்கம் தன் உறுப்பினர் பட்டியலை ஒப்படைக்க வேண்டும் என்று அலபாமா மாநிலம் வற்புறுத்தியது. சங்கம் மறுத்தது, 1,00,000 டாலர் தண்டம் விதிக்கப்பட்டது. 1958 ஜூன் 30இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் சங்கத்தின் பக்கம் ஒருமனதாகத் தீர்ப்பளித்தது. உறுப்பினர் பெயர்கள் வெளிப்பட்டால் வேலையிழப்பும் தாக்குதலும் நேரும் என்பது அத்தீர்ப்பில் கருத்திற்கொள்ளப்பட்டது. ஆக, பெயர்களைச் சேர்க்க விரும்பிய முதல் சேகரிப்பாளர் அரசே என்று கூறினும் பொருந்தும்! இவ்வியக்கத்தின் ஆவணங்களில் பெயரின்மையும் ஒரு சான்று என்பதை இவ்வழக்கு உணர்த்துகிறது.

மாண்ட்கோமரி பேருந்துப் புறக்கணிப்பின் தோற்றம் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. 1955 டிசம்பர் 1ஆம் நாள் மாலை ரோசா பார்க்ஸ் கைது செய்யப்பட்டார். அன்றிரவே அலபாமா மாநிலக் கல்லூரியில் ஆங்கிலப் பேராசிரியராகவும் பெண்கள் அரசியல் மன்றத்தின் தலைவராகவும் இருந்த ஜோ ஆன் ராபின்சன், உடன் பணியாற்றிய ஒருவர் மற்றும் இரு மாணவர்களின் துணையோடு கல்லூரியின் சைக்ளோஸ்டைல் பொறியில் துண்டறிக்கைகளைப் படியெடுத்தார். டிசம்பர் 5 திங்கட்கிழமை பேருந்தில் ஏறவேண்டா என்று கேட்டுக்கொண்ட அவ்வறிக்கை பல்லாயிரம் படிகளாக நகரெங்கும் பரவியது. அதன் அடியில் எவர் பெயரும் இல்லை. கல்லூரி மாநில அரசின் பணத்தில் நடப்பது. பொறியும் தாளும் கல்லூரியுடையவை. பெயர் தெரிந்தால் ஒருவர் வேலையோடு போகாது, கல்லூரிக்கே கேடு சூழும். தம் பங்கினை ராபின்சன் விரிவாக எழுதிய நினைவுக்குறிப்பு நூலாக வந்தது 1987இல்தான். முப்பது ஆண்டுகளுக்கு மேல் அந்த அறிக்கையின் ஆசிரியர் யார் என்பது பொதுவெளியில் அழுத்தம் பெறாமலே இருந்தது. ஓர் ஆண்டுக்கு மேல் நீண்ட புறக்கணிப்பைத் தொடங்கிவைத்த எழுத்து ஒப்பமற்றது. ஒப்பத்தைத் தேடும் கண்ணுக்கு அது வெறும் சைக்ளோஸ்டைல் தாள்.

அதே போராட்டத்தின் சட்டக்களத்தை நோக்கினால் வேறொரு முரண் புலப்படுகிறது. பேருந்துகளில் இனவொதுக்கலை முடிவுக்குக் கொண்டுவந்தது ரோசா பார்க்ஸின் வழக்கன்று. 1956 பிப்ரவரி 1இல் தொடுக்கப்பட்ட பிரவுடர் எதிர் கேல் வழக்கு. அரேலியா பிரவுடர், கிளாடெட் கால்வின், சூசி மெக்டொனால்டு, மேரி லூயிஸ் ஸ்மித் ஆகிய நான்கு பெண்களின் பெயரில் அது நடந்தது. கால்வின் 1955 மார்ச் 2இல், பார்க்ஸுக்கு ஒன்பது மாதங்கள் முன்னர், தம் பதினைந்தாம் வயதில் கைதானவர். ஐந்தாமவராக இணைந்த ஜெனட்டா ரீஸ் அச்சுறுத்தலுக்கு ஆட்பட்டு உடனே விலகினார். அவருடைய ஒப்புதலின்றி வழக்காடினார் என்று வழக்கறிஞர் பிரெட் கிரே மீது குற்றஞ்சாட்டப்பட்டது. வழக்குரைஞருக்கு ஒருவர் தரும் ஒப்புதலே ஆயுதமாகவும் கண்ணியாகவும் மாறிய இடம் இது. 1956 நவம்பர் 13இல் உச்ச நீதிமன்றம் கீழ்நீதிமன்றத் தீர்ப்பை உறுதி செய்தது. டிசம்பர் 21இல் மாண்ட்கோமரிப் பேருந்துகளில் ஒதுக்கல் முடிவுற்றது. பார்க்ஸ் கைதானபோது எழுதப்பட்ட காவல்துறை அறிக்கையும், அவர் கைரேகைத் தாளும், பேருந்தில் அவர் அமர்ந்திருந்த இடத்தைக் காட்டும் வரைபடமும் இன்று தேசிய ஆவணக்காப்பகத்தில் கிடைப்பதும், அவை பிரவுடர் வழக்கில் சான்றுகளாக வைக்கப்பட்டமையால்தான். புகழ்பெற்ற பெயரின் ஆவணத்தைக் காத்தது புகழ்பெறாத பெயர்களின் வழக்கு.

ரோசா பார்க்ஸ் 2005இல் மறைந்தபின் அவருடைய தாள்கள் வாரிசுரிமை வழக்கில் சிக்கி, நியூயார்க் ஏல நிறுவனமொன்றின் கிடங்கில் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. 2014இல் ஹோவர்டு பபெட்டின் அறக்கட்டளை 45 இலட்சம் டாலருக்கு வாங்கி அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்திற்கு அளித்தது. முதலில் கடனாகச் சென்ற அத்தொகுதி 2016இல் கொடையாயிற்று. ஏறத்தாழ 7,500 எழுத்தாவணங்களும் 2,500 ஒளிப்படங்களும் அதில் உள்ளன. அவற்றுள் பழைய உறையொன்றின் பின்புறம் பார்க்ஸ் எழுதிவைத்த, வேர்க்கடலை வெண்ணெய் சேர்த்த ஒருவகை மாவடையின் செய்முறையும் உண்டு. தனித்து விற்றிருந்தால் அது வேடிக்கைப் பொருளாகவே முடிந்திருக்கும். கடிதங்கள், வரவுசெலவுக் குறிப்புகள், கூட்டக் குறிப்புகள் ஆகியவற்றின் நடுவே வைத்துப் படிக்கும்போது, களைப்பால் எழ மறுத்த தையற்காரப் பெண் என்று பாடநூல்கள் வரைந்த சித்திரத்தைக் கலைத்து, பன்னெடுங்காலம் அரசியற்பணியில் தோய்ந்த ஒருவரின் அன்றாடத்தைக் காட்டும் சான்றாகிறது. தொகுதியே பொருள் தருகிறது என்னும் ஆவணவியல் கொள்கைக்கு இதைவிடச் சிறிய, இதைவிடத் தெளிவான சான்று தேடவேண்டியதில்லை.

பாடம் பற்றிய சிக்கல்களுக்கு வரலாம். 1963 ஆகஸ்டு 28இல் வாஷிங்டன் பேரணியில் கிங் ஆற்றிய உரையின் தட்டச்சுப்படி, மேடைக் காவலில் தன்னார்வலராக நின்ற கூடைப்பந்து வீரர் ஜார்ஜ் ராவலிங்கின் கையில் சேர்ந்தது. உரை முடிந்து கீழிறங்கிய கிங்கிடம் அவர் கேட்டுப் பெற்றது அது. அதில் கிங்கின் ஒப்பம் இல்லை. ராவலிங் அதனை வைத்துக் காத்ததோ முன்னாள் குடியரசுத் தலைவர் ட்ரூமன் ஒப்பமிட்ட ஒரு நூலுக்குள்! ஒப்பமிட்ட நூல் ஒப்பமற்ற தாளுக்குப் பேழையானது. 2021இல் அவர் தாம் பயின்ற வில்லனோவா பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் அதனை ஒப்படைத்தார். இவ்வாவணத்தின் தனித்தன்மை அதன் உரிமை வரலாற்றில் மட்டும் இல்லை. உலகம் அவ்வுரையை எச்சொற்றொடரால் அறிகிறதோ, அந்தக் கனவைப் பற்றிய பகுதி அத்தட்டச்சுப் படியில் கிடையாது. கிங் தாளிலிருந்து விலகி, முன்னரே பல ஊர்களில் பேசிப் பழகிய பொருளை அவ்விடத்தில் எடுத்துக்கொண்டார். அருகிருந்த பாடகி மகாலியா ஜாக்சன் குரல்கொடுத்துத் தூண்டினார் என்பர். எனவே அவ்வுரைக்கு எழுத்துமூலம் ஒன்று, நிகழ்த்துமூலம் ஒன்று. எதனை மூலபாடம் எனக் கொள்வது? வாய்மொழி மரபும் ஏட்டு மரபும் ஒன்றையொன்று ஊடறுக்கும் இலக்கியங்களைப் பதிப்பித்தவர்கள் எதிர்கொண்ட அதே வினா இது. தாள் இன்றியமையாதது. அது உரை அன்று.

பர்மிங்காம் சிறையிலிருந்து எழுதப்பட்ட கடிதத்தின் நிலையும் இத்தகையதே. அலபாமாவின் வெள்ளையினச் சமயத் தலைவர் எண்மர் 1963 ஏப்ரல் 12இல் வெளியிட்ட கூட்டறிக்கைக்கு விடையாக அது செய்தித்தாளின் ஓரங்களிலும் கிடைத்த தாள்துண்டுகளிலும் எழுதப்பட்டு, வழக்கறிஞர் கிளாரன்ஸ் ஜோன்ஸ் வழியாக வெளியே வந்தது. வயட் டீ வாக்கர் எழுத்தைப் பிரித்தறிந்து சொல்ல, வில்லி பேர்ல் மேக்கி தட்டச்சுச் செய்தார். திருத்தங்கள் மீண்டும் சிறைக்குள் சென்றன. பின்னர் அது துண்டுநூலாகவும் இதழ்க் கட்டுரையாகவும் பரவியது. எழுதியவர் ஒருவர், படித்துச் சொன்னவர் ஒருவர், தட்டியவர் ஒருவர், சுமந்தவர் ஒருவர். வடிவத்தால் கடிதமாயினும் பரவிய முறையால் அது ஒரு வெளியீடு. அதன் அடியில் உள்ள ஒரே பெயரை மட்டும் ஆசிரியர் எனக் கொள்வது சட்டத்திற்குப் போதும். அப்பாடம் உருவான வரலாற்றை எழுத முனைபவர்க்கு மேக்கியின் விரல்களும் சான்றுகளே.

மால்கம் எக்ஸின் தன்வரலாறு இதனினும் சிக்கலானது. அலெக்ஸ் ஹேலியோடு இணைந்து உருவான அந்நூலின் கையெழுத்துப் படியும் அச்சேறாத பகுதிகளும் 1992இல் ஹேலியின் உடைமைகள் ஏலம் விடப்பட்டபோது ஒரு வழக்கறிஞர் வசம் சென்றன. கால் நூற்றாண்டுக் காலம் ஆய்வாளர் பெரும்பாலோர் அவற்றைக் கண்டதில்லை. கண்டவரும் சில நிமிடங்களே காண முடிந்தது. நூலில் விடுபட்ட இயல்களில் என்ன இருந்தது என்பது பற்றி ஊகங்கள் பெருகின. 2018இல் நியூயார்க் பொது நூலகத்தின் ஷோம்பர்க் மையம் அவற்றை ஏலத்தில் பெற்றது. அப்படியின் உயிர் ஓரங்களில் உள்ளது. மால்கம் எழுதிய திருத்தங்களும் ஹேலியின் குறிப்புகளும் அங்கே எதிரெதிர் நின்று உரையாடுகின்றன. ஒரு சொல்லை மாற்றலாமா, ஒரு கடுமையைத் தணிக்கலாமா என்பதில் இருவர் கொண்ட இழுபறியே தன்வரலாறு என்னும் வகைமை எவ்வளவு தன்னுடையது என்பதற்கான மூலச்சான்று. ஒரு திறனாய்வாளர்க்கு அந்த ஓரக்குறிப்பு ஒன்று, தனித்தாளில் உள்ள பத்து ஒப்பங்களைவிட மதிப்புடையது.

மால்கமின் வேறு தாள்கள் இன்னும் ஆபத்தான வழியில் பயணம் செய்தவை. புளோரிடாவில் வாடகை செலுத்தப்படாத சேமிப்பறை ஒன்றிலிருந்து வெளியேறிய நாட்குறிப்புகளும் கடிதங்களும் 2002இல் சான்பிரான்சிஸ்கோ ஏல நிறுவனமொன்றின் பட்டியலில் தோன்றின. குடும்பத்தினரும் அறிஞரும் எதிர்ப்புத் தெரிவிக்க, விற்பனை நிறுத்தப்பட்டது. 2003 தொடக்கத்தில் அவை ஷோம்பர்க் மையத்தில் நீண்டகால வைப்பாகச் சேர்ந்தன. கறையானுக்கும் ஆற்றுவெள்ளத்திற்கும் இரையான ஏடுகளைப் பற்றித் தமிழுலகு பேசுவதுண்டு. வாடகை நிலுவையும் ஒரு கறையான்தான்.

இவ்வளவும் கூறியதனால் தனியார் சேகரிப்பைக் குற்றஞ்சாட்டுவது கட்டுரையின் கருத்து என்று கொள்ளலாகாது. பல்கலைக்கழகங்கள் பாராமுகமாக இருந்த காலத்தில் காத்தவர்கள் தனியாரே. ஷோம்பர்க் மையத்தின் பெயருக்குரிய ஆர்துரோ ஷோம்பர்க், 1874இல் போர்ட்டோ ரிக்கோவில் பிறந்து நியூயார்க்கில் ஒரு வங்கியின் அஞ்சல் பிரிவில் வேலை பார்த்தவர். கறுப்பினத்தவர்க்கு வரலாறு இல்லை என்று பள்ளியாசிரியர் ஒருவர் கூறியதே அவரைத் தேடலில் ஈடுபடுத்தியது என்னும் செய்தி வழங்குகிறது. 1926இல் கார்னகி நிறுவனத்தின் 10,000 டாலர் நன்கொடையால் அவருடைய சேகரிப்பை நியூயார்க் பொது நூலகம் பெற்றபோது அதில் 5,000க்கு மேற்பட்ட நூல்களும் 3,000 கையெழுத்தாவணங்களும் இருந்தன. ஹெய்ட்டி விடுதலைத் தலைவர் துசான் லூவெர்த்யூரின் கடிதங்களைப் போன்ற அரிய பொருள்கள் அவரிடமும் உண்டு. ஆயினும் புகழுடையவரின் ஒப்பத்தோடு அவர் நின்றுவிடவில்லை. மறக்கப்பட்டோரின் சிறுநூல்களையும் சமயவுரைகளையும் அடிமைநிலையில் பிறந்தோர் எழுதிய செய்யுள்களையும் ஒருசேரத் திரட்டினார். வரலாறு இல்லை என்ற கூற்றை ஒரு பெரும்பெயரால் மறுக்க முடியாது, பல்லாயிரம் தாள்களாலேயே மறுக்க முடியும் என்பதை அவர் சேகரிப்பின் அமைப்பே காட்டுகிறது. இன்றைய ஒப்பச் சேகரிப்பாளர் பலரும் அவரை முன்னோடி என்று போற்றுகின்றனர். அவர் முறையைப் பின்பற்றுவோர் சிலரே.

உரிமை பற்றிய வழக்குகள் இங்கு இணைத்து நோக்கத்தக்கன. நடிகரும் பாடகருமான ஹாரி பெலபாண்டே தம்மிடம் இருந்த மூன்று ஆவணங்களை 2008இல் விற்க முற்பட்டபோது கிங்கின் வாரிசுகள் தடுத்தனர். அவற்றுள் ஒன்று, கிங் கொலையுண்டபோது அவர் சட்டைப்பையில் இருந்த, மெம்பிஸ் உரைக்கான குறிப்புகள் எழுதிய உறை. 2014இல் உடன்பாடு ஏற்பட்டு அவை பெலபாண்டேயிடமே நின்றன. மாட் பல்லூ காத்துவைத்திருந்த தாள்களின்மீது தொடரப்பட்ட வழக்கும் காலங்கடந்தது என்று தள்ளுபடியாயிற்று. 2013இல் அவை ஏலத்தில் விற்கப்பட்டன. கிங்கின் ஒப்பங்களுக்குப் பின்னால் உழைத்த ஒருவரின் பெட்டியிலிருந்தே அத்தாள்கள் வந்தன என்பது நீதிமன்றத்திற்குப் பொருட்டாக இல்லாதிருக்கலாம், வரலாற்றுக்குப் பொருட்டாகும்.

இவ்வழக்குகளில் தலையாயது பாஸ்டன் பல்கலைக்கழக வழக்கு. கிங் 1955இல் முனைவர் பட்டம் பெற்ற அப்பல்கலைக்கழகத்திற்கு 1964இல் ஏறத்தாழ 83,000 ஆவணங்களை அளித்தார். தம் மறைவுக்குப்பின் அவை பல்கலைக்கழகத்தின் முழுவுடைமையாகும் என்று 1964 ஜூலை 16 நாளிட்ட கடிதமொன்றில் ஒப்பமிட்டிருந்தார். கொரெட்டா ஸ்காட் கிங் 1987இல் அவற்றைத் தெற்கிற்குத் திரும்பக் கேட்டு வழக்குத் தொடுத்தார். இனவொதுக்கல் நிலவிய நாளில் தெற்கில் பாதுகாப்பான இடம் இல்லாமையாலேயே அவை வடக்கே சென்றன என்பது அவர் தரப்பு. 1993இல் நடுவர் குழு பல்கலைக்கழகத்தின் பக்கம் நின்றது. 1995இல் மாசசூசெட்ஸ் உச்ச நீதிமன்றம் அதனை உறுதி செய்தது. பல்லாயிரம் தாள்களின் ஊரைத் தீர்மானித்தது ஒரு தாளின் அடியில் இருந்த ஒப்பம். இக்கட்டுரையில் இதுவரை குறிப்பிட்ட ஒப்பங்கள் அனைத்திலும் சட்டவலிமை மிக்கது இதுவே. ஏலத்திற்கு என்றும் வராததும் இதுவே. சட்டம் முடிந்த இடத்தில் நியாயம் முடிந்ததா என்பது வேறு. கொரெட்டாவின் வாதத்தில் வரலாற்று உண்மை இருந்தது என்பதை மறுத்தல் அரிது.

எனினும் பாஸ்டனில் அத்தொகுதி கலையாமல் இருந்ததன் பயனும் ஒன்று உண்டு. கார்சன் குழுவினர் கிங்கின் மாணவப்பருவ எழுத்துகளை வரிவரியாக ஒப்பிட்டபோது, முனைவர் பட்ட ஆய்வேட்டின் பல பகுதிகள் பிறர் எழுத்திலிருந்து உரிய குறிப்பின்றி எடுக்கப்பட்டவை எனக் கண்டனர். அதே பல்கலைக்கழகத்தில் முன்னர் அளிக்கப்பட்ட ஓர் ஆய்வேடும் மூலங்களுள் ஒன்று. 1990இல் இது வெளிப்பட்டது. 1991இல் பல்கலைக்கழகக் குழு பட்டத்தைப் பறிக்க வேண்டுவதில்லை என்று கூறி, நூலகப் படியில் ஒரு கடிதத்தை இணைக்குமாறு பரிந்துரைத்தது. போற்றுதற்குரியவரின் ஒப்பத்திற்குக் கீழே பிறர் சொற்கள் இருந்தன என்பதைப் போற்றிய அறிஞரே கண்டு சொன்னது ஆவணப் பதிப்பின் நேர்மைக்கு அடையாளம். வரைவுகளும் தேர்வேடுகளும் தனித்தனியே பல வீட்டுச் சுவர்களில் கண்ணாடிச் சட்டத்திற்குள் தொங்கியிருந்தால் அந்த ஒப்பீடு நடந்திராது. ஒப்பத்தை வழிபடும் சேகரிப்பு அவ்வகையில் ஒப்பமிட்டவருக்கே தீங்கு செய்கிறது. அவரை ஆய்வுக்கு அப்பாற்பட்ட திருவுருவாக்கி நிறுத்திவிடுகிறது.

இந்தியத் தொடர்புடைய ஆவணம் ஒன்று இவ்விடத்தில் நோக்கத்தக்கது. கொலம்பியாவில் பயின்ற நாள் முதல் அமெரிக்கக் கறுப்பின மக்களின் நிலையை அறிந்திருந்த அம்பேத்கர், 1946இல் டபிள்யூ.இ.பி. டு பாய்ஸுக்கு ஒரு கடிதம் எழுதினார். கறுப்பின மக்கள் சார்பில் ஐக்கிய நாடுகள் அவையிடம் அளிக்கப்பட்ட விண்ணப்பத்தின் படிகளைக் கேட்டும், தீண்டத்தகாதார் நிலைக்கும் கறுப்பினத்தவர் நிலைக்கும் உள்ள ஒப்புமையைச் சுட்டியும் அமைந்த சுருக்கமான கடிதம் அது. டு பாய்ஸ் அவ்வாண்டு ஜூலை 31இல் விடையெழுதினார். இரண்டும் இன்று மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தின் ஆம்கர்ஸ்ட் வளாகத்தில் உள்ளன. டு பாய்ஸ் தமக்கு வந்த கடிதங்களோடு தாம் எழுதியவற்றின் கார்பன் படிகளையும் நாள்தோறும் காத்துவந்தார். ஹெர்பர்ட் ஆப்தெக்கர் பொறுப்பில் பல்லாண்டுகள் இருந்த அத்தாள்கள், 1973இல் ஷெர்லி கிரஹாம் டு பாய்ஸிடமிருந்து பல்கலைக்கழகத்தை அடைந்தன. ஏறத்தாழ 1,00,000 உருப்படிகள் கொண்ட அத்தொகுதி எண்ணிமப் படிகளாகவும் எவர்க்கும் திறக்கப்பட்டுள்ளது.

இவ்விரு தாள்களும் பிரிந்து சந்தைக்கு வந்திருப்பின் நிகழ்ந்திருக்கக் கூடியதை ஊகித்தல் கடினமன்று. அம்பேத்கர் ஒப்பமிட்ட கடிதத்திற்கு இந்தியாவில் பெருவிலை கிடைத்திருக்கும். டு பாய்ஸின் விடையோ கார்பன் படி. சந்தை அதனை ஏறெடுத்தும் பார்த்திராது. ஆனால் அந்த மங்கிய நீலப் படியில்தான், இந்தியத் தீண்டத்தகாதார்பால் தமக்குள்ள ஈடுபாட்டையும் வேண்டிய விண்ணப்பத்தை அனுப்பும் எண்ணத்தையும் டு பாய்ஸ் தெரிவிக்கிறார். வினா ஒரு தாளிலும் விடை மற்றொரு தாளிலுமாக இரண்டும் ஒரே கோப்பில் கிடப்பதனாலேயே சாதியும் இனமும் பற்றிய ஒப்பியல் ஆய்வில் அவை இன்று மேற்கோளாகின்றன. சென்னையிலோ தில்லியிலோ வாரணாசியிலோ அமர்ந்துள்ள ஆய்வு மாணவர் ஒருவர் இரண்டையும் அடுத்தடுத்துத் திறந்து படிக்கலாம். கட்டணம் இல்லை, பரிந்துரைக் கடிதமும் வேண்டுவதில்லை.